ஏரல் வயலில் ஒரு வள்ளம்

1

இந்தக் கதை என் மனைவி பெனிஷாவிடமிருந்து திருடியது. முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன், ஏனென்றால் இதை அவள் படிப்பாள். தூத்துக்குடியில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனராக இருக்கிறாள். கோட்டுப் படத்துக்குள் கலர் ஊற்றுவது அவள் வேலை. அவளைப் பற்றிப் பெருமையடிப்பது என் வேலை. என் வேலையில் நான் ஒருநாளும் லீவு போட்டதில்லை.

2

முதல் தொடக்கம்: முத்துக் குளித்த கடலின் நீலம் அவள் விழிகளில்...

(பெனிஷா: "என் கண்ணு கறுப்பு. எட்டு வருசமாப் பாக்குதீங்க.")

இரண்டாவது தொடக்கம்: தருவைகுளத்து மீனவர் சங்கம் ஒன்று தன் புதுக் கூடத்துக்குச் சுவர் அகலத்தில் வரைபடம் கேட்டது. வேம்பாரிலிருந்து குலசேகரன்பட்டினம் வரை கரை, ஆறு, கடலுக்கடியில் முத்துச்சிப்பி விளையும் பாறைத் திட்டுகளான பார்கள். கடைக்காரர் நேசக்குமார், நெட்டில் ஒரு படத்தை எடுத்துப் பெரிதாக்கிவிடலாம் என்றார். பெனிஷா, "நானே வரையுதேன் அண்ணே" என்றாள். பன்னிரண்டு நாள் வரைந்தாள். சங்கத்துக்குப் பிடிக்காவிட்டால் நெட் படம்தான் என்று பேச்சு.

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

கலர் ஊற்றுவது தெரியாதவர்களுக்கு: கம்ப்யூட்டரில் கோடு சூழ்ந்த இடத்துக்குள் ஒரு க்ளிக் செய்தால் இடம் முழுக்க நிறம் நிரம்பும். கோட்டில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தால் போதும், நிறம் அதன் வழியே வெளியேறிவிடும். அடுத்த கோடு மறிக்கும்வரை நிற்காது.

சங்கத் தலைவர் ஞானதீபம் அண்ணாச்சி வந்து உட்கார்ந்த பிறகுதான் அவள் கடலில் க்ளிக் செய்தாள். (முன்னாடியே சோதித்திருக்கலாமே என்று கேட்டேன். "நிறம் விழுறத அவங்க கண்ணால பாக்கணும்னு நெனச்சேன்" என்றாள். பெருமை எங்கள் வீட்டில் எனக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை.)

தாமிரபரணி கடலில் சேரும் புன்னக்காயலில், கடற்கரைக் கோடும் ஆற்றங்கரைக் கோடும் ஒரு புள்ளி தள்ளி நின்றிருக்கின்றன. நீலம் அதற்குள் நுழைந்தது. ஆத்தூர், ஏரல், ஸ்ரீவைகுண்டம் என்று ஆற்றோர ஊர்கள் எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் முங்கிவிட்டன.

2023 டிசம்பர் மழையில் அந்த ஊர்களை இப்படியே பார்த்தவர்கள்தாம் கடையில் இருந்த அத்தனை பேரும். பெனிஷாவுக்கு அழுகை வந்துவிட்டது. (இந்த வரியை அடித்தாள். மறுநாள் அவளே திரும்ப எழுதி வைத்திருந்தாள்.)

"இதுக்குத்தாம்மா நெட்டுல எடுப்போம்னேன்" என்றார் நேசக்குமார்.

ஞானதீபம் எழுந்து வந்து ஏரல் மேல் விரலை வைத்தார்.

"இங்கன வரைக்கும் எங்க மீன்பிடி வள்ளமெல்லாம் வந்துச்சு. லாரில ஏத்திக் கொண்டாந்து எறக்குனோம். மாடி மாடியாப் போயி ஆளுகளக் கூட்டியாந்தோம். தங்கச்சி, இப்படியே இருக்கட்டும். இதையே மாட்டுதோம்."

நேசக்குமாருக்கு உயிர் வந்தது. பெனிஷா சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பன்னிரண்டு நாள் உழைப்பு சுவரேறிவிடும்.

"முடியாது அண்ணாச்சி," என்றாள். "தண்ணி வடிஞ்சிட்டு. வடிஞ்ச ஊர முக்கிவச்சி நான் வரைஞ்சதுன்னு மாட்ட விடமாட்டேன்."

4

முடிவு அ: அண்ணாச்சி கோபித்துக்கொண்டு போகிறார், நெட் படம் சுவரேறுகிறது. எழுதும்போதே எனக்கு ஆத்திரம் வந்தது.

முடிவு ஆ: கடை முழுக்க எழுந்து நின்று கைதட்ட, பெனிஷா...

(பெனிஷா: "யாரு தட்டுனா? நேசக்குமார் அண்ணனா?")

நடந்தது இது. அவள் ஊற்றிய கலரை எடுத்தாள். படத்தைப் பெரிதாக்கி அந்தப் புள்ளியைத் தேடிப்பிடித்துச் சேர்த்தாள். மறுபடி க்ளிக் செய்தாள். நீலம் கடலிலும் ஆற்றிலும் நின்றது. ஊர்கள் காய்ந்த தரையில் இருந்தன. வயல்களுக்குப் பச்சை ஊற்றினாள். பிறகு, யாரும் கேட்காமலே, ஏரல் பக்கத்து வயலில் சின்னதாக ஒரு வள்ளம் வரைந்தாள்.

"ஏம்மா, வயலுக்குள்ள வள்ளமா? பாக்கிறவன் சிரிப்பான்" என்றார் நேசக்குமார்.

"சிரிக்கட்டும்," என்றார் ஞானதீபம். "ஏன்னு கேப்பாம்லா, அப்பச் சொல்லுவோம்."

படம் இப்போது கூடத்தில் இருக்கிறது. நான் அதன் முன்னால் அரைமணி நேரம் நின்று, உள்ளே வந்த ஒவ்வொருவரிடமும் வரைந்தது யார் என்று சொன்னேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

வள்ளத்துக்கு மட்டும் கலர் இல்லை. என்ன கலர் என்று பெனிஷா கேட்டதற்கு, "அன்னைக்கு அஞ்சு வள்ளம் போச்சு, அஞ்சும் அஞ்சு கலரு. ஏறுனவங்களக் கேளு" என்று சொல்லிவிட்டார் அண்ணாச்சி. அவள் கோட்டோடு விட்டுவிட்டாள்.

நீங்கள் அன்று ஏரலில் ஏதாவது ஒரு மொட்டைமாடியில் நின்றவரா? அப்படியென்றால் இதை முடிக்க வேண்டியவன் நான் இல்லை. உங்களை ஏற்றிக்கொண்ட வள்ளம் என்ன கலர்?