கையிருப்பு நான்கு

வியாழக்கிழமை எங்கள் ட்ரோன் பறக்க வேண்டும். பறந்தால், தீவுகளுக்கு மருந்து கொண்டுபோகும் வேலை எங்களுக்கு. பறக்காவிட்டால் இந்தத் தீவில் இருக்கும் எங்கள் பாம்பூஃப்ளாட் கிடங்கை மூடிவிடுவார்கள். கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் என் வேலையும் போய்விடும். சென்னையில் ராத்திரி ஷிப்டைப் பாதியில் விட்டு வந்தவன் நான். இதற்கு மேல் ஓடக் கடல்தான் இருக்கிறது.

பேட்டரி கோயம்புத்தூரில் செய்கிறார்கள், மோட்டார் ஓசூரில். பறக்கவிடுவது நாங்கள். மூன்று இடத்துக்கும் ஒரே திரை; யாரிடம் என்ன இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். புதன் காலை அதில் 'பேட்டரி நான்கு, பாம்பூஃப்ளாட்' என்று இருந்தது. அலமாரியில் ஒன்றுகூட இல்லை.

மூன்று முறை தேடினேன். கோயம்புத்தூரில் அனுப்புதலைக் கவனிக்கும் பக்தவத்சலத்துக்குப் போன் செய்தேன். தன் திரையிலும் நான்கு என்றார். "உங்ககிட்ட இருக்குதுன்னு பார்த்துட்டுத்தானுங்க அடுத்த நாலை ஓசூருக்குக் குடுத்துட்டேன்."

பூட்டு உடையவில்லை. சாவி என்னிடம் மட்டும்தான். திருடன் நானோ என்று எனக்கே சந்தேகம் வந்தது.

ட்ரோன் ஓட்டும் சங்கவி இங்கேயே பிறந்தவள். திரையைத் தன் பக்கம் திருப்பி வரவுத் தேதியைப் பார்த்தாள். போன வெள்ளி. பதிந்தது நான்.

"அண்ணா, வெள்ளிக்கிழமை எந்த ஜஹாஸ் வந்துச்சு?"

எதுவும் வரவில்லை. அன்று சென்னையில் கப்பல் கிளம்பியது, அவ்வளவுதான். சென்னையில் கிளம்பினாலே வந்துவிட்டது என்பதுதான் இங்கே கடைக்காரர்களின் பேச்சு. ஒரு வருடமாக நானும் அப்படித்தான் பதிந்தேன். மூன்றாம் நாள் பெட்டி வந்துவிடும், யாருக்கும் தெரியாது. இந்த முறை கடல் சரியில்லை.

இருவரும் படகுத்துறைக்குப் போனோம். கப்பல் காலையில் வந்து தள்ளி நங்கூரம் போட்டு நின்றது. சனிக்கிழமைவரை துறையில் இடமில்லையாம். வியாழன் போயிற்று என்றாள் சங்கவி.

பதிவை நீக்கப் போனேன். போனில் இருந்த அதே திரை காரணம் கேட்டது: உடைந்தது, தொலைந்தது, திருடு போனது, திருப்பி அனுப்பியது. இன்னும் வரவில்லை என்று ஒன்று இல்லை. தொலைந்தது என்று அமுக்கினேன்.

உடனே பக்தவத்சலம் கூப்பிட்டார். "தொலைஞ்சுதுங்களா? எங்கீங்க?"

"எதிர்லதாங்க நிக்குது. பார்த்துட்டுத்தான் இருக்கேன்."

அவர் போனை வைத்துவிட்டார்.

கிடங்குச் சாவியைச் சங்கவியிடம் நீட்டினேன். வாங்கவில்லை.

"சனிக்கிழமை பெட்டிய யாரு இறக்குறது?" என்றாள்.

வேலை இருக்கிறதா போய்விட்டதா என்று கேட்க வாய் வரவில்லை. சாவியைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.