அட்டைப்படத்துக்கு ஓர் இறக்கம்

வேல்ஸ் மலைப்பாதையின் உச்சியில் சிவப்பு ஹார்க்கர் அசையாமல் நின்றது. மணிக்கு நூற்றெண்பது மைல் போகும் என்று அதைச் செய்தவர்கள் சொன்ன கார். ரொவீனா மறுபடியும் சாவியைத் திருப்பினாள். ஸ்டார்ட்டர் சுற்றியது, என்ஜின் பிடிக்கவில்லை. இருக்கைக்குப் பின்னால் கேட்க வேண்டிய பெட்ரோல் பம்ப்பின் முனகல் கேட்கவே இல்லை.

“பம்ப் போச்சு,” என்றாள்.

“அடப் பாவமே,” என்றான் கீத். வருத்தம் அவன் வாயோடு நின்றுவிட்டது.

நிற்காமல் என்ன செய்யும்? இருவரும் ஒரே கார் பத்திரிகையில் எழுதுகிறவர்கள். தொண்ணூற்று நான்காம் வருடத்து நவம்பர் இதழின் அட்டை மறுநாள் அச்சுக்குப் போகிறது. ஹார்க்கர் படம் கிடைக்காவிட்டால் அட்டையில் வருவது, பின்பக்கம் நீண்ட குடும்பக் காரான டீசல் எஸ்டேட் பற்றிய கீத்தின் கட்டுரை. இத்தனை வருடமாக டயரும் வைப்பரும் சோதித்துக்கொண்டிருந்த ரொவீனாவுக்கு இதுதான் முதல் அட்டைக் கட்டுரை. காரையோ சாயங்காலமே திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

“டீசல் வண்டியை அட்டையில போட்டா எவன்டா வாங்குவான்?”

“எங்கம்மா வாங்குவாங்க. ரெண்டு காப்பி.”

கீத் ஓட்டிவந்த அந்த டீசல் எஸ்டேட்டின் பின்கதவைத் திறந்து வைத்து, உள்ளே மெத்தை விரித்துப் படுத்திருந்தார் புகைப்படக்காரர் ஓல்ட்ராய்ட். யார்க்‌ஷர்காரர். இடுப்பில் கட்டிய பட்டையின் மறுமுனை இருக்கைக் கம்பியில் இருந்தது. சாண்ட்விச்சைக் கடித்தபடியே பேசினார்.

“என்ஜின் எதுக்கு கண்ணு? எனக்கு உருளுற சக்கரம் நாலு போதும். கீழ வரைக்கும் இறக்கம்தானே?”

ரொவீனாவுக்குச் சட்டென்று புரிந்தது. பத்திரிகைகளில் பறக்கிற கார்கள் எதுவுமே பறப்பதில்லை. முன்னால் போகும் வண்டியும் பின்னால் வரும் காரும் ஒரே வேகத்தில் போனால், கேமராவுக்குக் கார் அசையாத பொருள்தான். அது கூர்மையாக விழும். ஷட்டரைக் கொஞ்சம் சோம்பலாகத் திறந்து மூடினால், அந்த இடைவெளியில் சாலையும் வேலியும் ஓடிக் கோடுகளாக இழுபட்டுவிடும், சக்கரக் கம்பிகள் சுழன்று கலங்கிவிடும். முப்பது மைலே போதும். வேகத்தைச் செய்வது என்ஜின் அல்ல, ஷட்டர்.

“கையை மடக்கினா கிட்ட வா. உள்ளங்கையைக் காட்டினா விலகு,” என்றார் ஓல்ட்ராய்ட். “கீத் தம்பி, நீ மெதுவா ஓட்டு. உனக்கு அது பழக்கம்தான்.”

ரொவீனா சாவியைத் திருப்பிய நிலையிலேயே விட்டாள், இல்லாவிட்டால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். முகப்பு விளக்கைப் போட்டாள். கைப்பிரேக்கை விடுவித்தாள்.

ஹார்க்கர் உருண்டது. சத்தமே இல்லை. டயரின் கிசுகிசுப்பும் கண்ணாடியில் காற்றும் மட்டும். நூற்றெண்பது மைல் கார் தள்ளுவண்டிபோல இறங்குவதை நினைத்து அவளுக்குச் சிரிப்பு பொங்கியது.

ஓல்ட்ராய்ட் கையை மடக்கினார். நெருங்கினாள். இன்னும் மடக்கினார். மிகவும் நெருங்கிவிடவே லேசாகப் பிரேக்கைத் தொட்டாள். கொஞ்சம் கழித்து இன்னொரு முறை. பிறகும் ஒரு முறை. எத்தனை முறை மிதித்திருக்கிறோம் என்று அப்போதுதான் எண்ணிப் பார்த்தாள்.

பிரேக்கை மிதிப்பது நம் கால் மட்டும் அல்ல. மிதிக்குப் பின்னால் வட்டமான ஒரு டப்பா இருக்கிறது. ஓடும் என்ஜின் அதிலிருந்து காற்றை உறிஞ்சி வைத்திருக்கும். மிதித்ததும் வெளிக்காற்று ஒரு பக்கமாகப் புகுந்து காலோடு சேர்ந்து தள்ளும். என்ஜின் அணைந்திருந்தால், மிச்சமிருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் தாங்கும். அதற்குப் பிறகு பிரேக் இருக்கும், உதவிக்கு ஆள் இருக்காது.

உதவிக்கு ஆள் இல்லாத அந்த நேரம் பார்த்து, வளைவைத் தாண்டியதும் நடுச்சாலையில் ஓர் ஆடு நின்றது. கீத் பிரேக் போட்டான்.

ரொவீனா மிதித்தாள். சுவரை மிதித்ததுபோல் இருந்தது. இரண்டு காலையும் வைத்து, முதுகை இருக்கையில் முட்டுக்கொடுத்து அழுத்தினாள். ஹார்க்கர் யோசித்து யோசித்து வேகம் குறைந்தது. எஸ்டேட்டின் பம்பர் பெரிதாகிக்கொண்டே வந்தது.

“போடா கீத்! போடா! போ...!”

ஓல்ட்ராய்ட் இரண்டு உள்ளங்கையையும் காட்டியிருக்க வேண்டும். ஆனால் இரண்டு கையும் கேமராவில் இருந்தன. கிளிக், கிளிக், கிளிக்.

கண்ணாடியில் பார்த்துவிட்ட கீத், ஆட்டைச் சுற்றிப் புல்லில் இறங்கி, டீசல் உறுமப் பாய்ந்தான். ஆடு ஒரே தாவலில் மறுபக்கம் போனது. இரண்டுக்கும் நடுவே ஹார்க்கர் வழுக்கிச் சென்றது. ரொவீனாவின் அலறல் எந்த இடத்தில் சிரிப்பாக மாறியது என்று அவளுக்கே தெரியவில்லை. சாலை எதிர்மேட்டில் ஏறியது. கார் தளர்ந்து நின்றது, பிறகு மரியாதையாகப் பின்னோக்கி உருள ஆரம்பித்தது. கைப்பிரேக்கை இழுத்துவிட்டு ஸ்டீயரிங்கில் தலை சாய்த்துச் சிரித்தாள்.

மறுநாள் காலை, ஆசிரியர் மாட்ஜ் விளக்குப் பலகையில் ஸ்லைடுகளைப் பரப்பி, பூதக்கண்ணாடியோடு குனிந்தாள். அவற்றுக்குப் பக்கத்தில் கீத்தின் எஸ்டேட் படமும் தயாராகக் கிடந்தது. ரொவீனாவும் கீத்தும் எதிரே நின்றார்கள், அச்சகத்துக்காரர் வாசலில் காத்திருந்தார். ஒவ்வொரு ஸ்லைடாகத் தள்ளிக்கொண்டே வந்தவள் ஒன்றில் நின்றுவிட்டாள்.

“எல்லா அட்டையிலயும் டிரைவர் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி உட்கார்ந்திருப்பான். இப்பத்தான் ஒருத்தி வேகமாப் போற முகத்தோட உட்கார்ந்திருக்கா. எத்தனை மைல்ல போன?”

ரொவீனா அந்த எஸ்டேட் படத்தை ஒருமுறை பார்த்தாள். “முப்பதுகூட இருக்காது. என்ஜின் ஓடல, மாட்ஜ். பம்ப் செத்துப்போச்சு. உருட்டிக்கிட்டுத்தான் வந்தேன்.”

மாட்ஜ் நிமிர்ந்து கீத்தைப் பார்த்தாள். ‘ஏமாற்றுப் படம்’ என்று ஒரு வார்த்தை கீத் சொன்னால் போதும், அட்டை அவனுடையது.

“நிஜம்தான்,” என்றான் கீத். “அவ கத்தினது என் வண்டி ரேடியோவையும் மீறிக் கேட்டுச்சு.”

மாட்ஜ் சிரித்த சிரிப்பில் பூதக்கண்ணாடி கீழே விழுந்தது. “அப்ப அதையே முதல் வரியா எழுது. பம்ப்பையும் விடாம எழுது. ஹார்க்கர்காரங்க போன் பண்ணினா நான் பேசிக்கிறேன்.”

“ஆனா இந்தப் படம் வேணாமே! வாய் ஆன்னு திறந்திருக்கு. கடைவாய்ப் பல்லுல அடைச்சதுகூடத் தெரியுது!”

“தெரியட்டும்,” என்று மாட்ஜ் அந்த ஸ்லைடை உறைக்குள் போட்டு, அச்சகத்துக்காரரிடம் நீட்டினாள்.