அவிய பேரு

உடன்குடியிலிருந்து பஸ் பிடித்து, தூத்துக்குடித் துறைமுகத்தின் கண்டெய்னர் யார்டு வாசலில் முத்துக்கனி வந்து நின்றபோது கையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கூடு மட்டும்தான் இருந்தது. தன் போனைக்கூட கருப்பட்டிக் கடையிலேயே வைத்துவிட்டு ஓடிவந்திருந்தாள். மகள் பேச்சிச்செல்விக்கு இன்று கிரேன் ஓட்டும் தேர்வு. அவசரத்தில் கண்ணாடியை மறந்துவிட்டுப் போயிருந்தாள் மகராசி. கண்ணாடி இல்லாவிட்டால் அவளுக்குக் கிரேனும் தெரியாது, கப்பலும் தெரியாது. இன்றைக்குக் கோட்டை விட்டால் வேலை நிரந்தரமாகாது.

வாசலில் வாக்கி-டாக்கியோடு உட்கார்ந்திருந்த ஜெமி நல்ல பிள்ளை. தண்ணீர் கொடுத்தாள், ஃபேனைத் திருப்பி வைத்தாள். ஆனால் பேச்சிச்செல்வி என்று ஒருத்தி இங்கே கிடையாது என்று சாதித்துவிட்டாள்.

அப்புறம் விவரம் சொன்னாள். யார்டை நடத்துவது வெளிநாட்டுக் கம்பெனி. பேச்செல்லாம் இங்கிலீஷ், ஆளைக் கூப்பிடுவது கடைசிப் பெயரைச் சொல்லித்தான். அவளையே இங்கு ஒருவரும் ஜெமி என்பதில்லையாம். ஃபெர்னாண்டோ சாப்பிடப் போயாச்சு, ஃபெர்னாண்டோ கேட்டைத் திற, இப்படித்தான். கடைசிப் பெயர் இல்லாத நம் ஆட்களுக்கு அப்பா பெயரே அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

"அவங்க அப்பா பேரச் சொல்லுங்கம்மா. இப்பவே கூப்பிட்டிருதேன்."

தாலி ஏறிய நாளிலிருந்து புருஷன் பெயரை முத்துக்கனி சொன்னதே இல்லை. குலசை தசராக் கூட்டத்தில் மனிதரைத் தொலைத்தபோதுகூட 'இந்தாங்க' என்றுதான் கத்தினாள். பாதிக் கூட்டம் திரும்பிப் பார்த்தது, அவர் மட்டும் பார்க்கவில்லை.

ஜெமியின் போனை வாங்கி, மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பரான கடைக்கு அடித்தாள். வியாபார மும்முரத்தில் அவர் எடுக்கவில்லை.

"அவிய பேரு... சாமி பேரு தாயி."

ஜெமி கடற்கரைக் கத்தோலிக்கப் பிள்ளை. அந்தோணியா, சவேரியாரா என்று தொடங்கினாள். எங்க சாமி என்றதும் முருகனுக்கு வந்தாள். முத்துக்கனி மேலுதட்டைத் தடவி மீசையைக் காட்டினாள். மாடசாமி என்று தானாக முடிவுகட்டி ஜெமி பொத்தானை அழுத்திக் கூப்பிட, அந்தப் பெயருள்ள லாரி டிரைவர் ஒருவர் நேரிலேயே வந்து என்ன விஷயம் என்றார். அவருக்கும் நல்ல மீசை. முத்துக்கனிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

அப்போது கம்பி வேலிக்கு அப்பால், மஞ்சள் ஹெல்மெட் போட்ட ஒருத்தி நடந்து வந்து கிரேன் ஏணியைத் தடவித் தடவிப் பிடித்தாள். யார் மகள் என்பதை நடையே சொல்லிவிட்டது. முத்துக்கனி கூப்பிட்டதை லாரி இரைச்சல் விழுங்கிவிட்டது. பாய்ந்து ஜெமியின் வாக்கி-டாக்கியைப் பிடுங்கினாள்.

"ஏளா சுடலைமாடா, கண்ணாடிய வச்சுட்டு எங்களா ஏறுத? இறங்குளா சுடலைமாடா."

யார்டு முழுக்கக் கேட்டது. அத்தனை வாக்கி-டாக்கியும் சேர்ந்து சிரித்தது. ஏணியில் நின்றவள் இறங்கி ஓடிவந்தாள், கண்ணாடியை மாட்டினாள், இது நம் அம்மாதானா என்று ஒரு பார்வை பார்த்தாள், திரும்பவும் ஓடினாள்.

மானம் போயிற்று என்று அல்லவா முத்துக்கனி நினைத்திருக்க வேண்டும்? அவளுக்கோ சந்தோஷத்தில் தலை கிறுகிறுத்தது. வாக்கி-டாக்கியில் வந்ததையெல்லாம் ஜெமி தமிழில் சொல்லச் சொல்ல, அவளும் கூடவே சொன்னாள். சுடலைமாடன் ஏறியாச்சு. சுடலைமாடன் பெட்டியத் தூக்கியாச்சு. சுடலைமாடன் மெதுவா வைக்கா. எச்சில் ஊற ஊறச் சொன்னாள். இவ்வளவு நாளும் இந்த ருசி தெரியாமல் போயிற்றே என்றிருந்தது.

எல்லாம் முடிந்ததும் ஜெமியின் போன் அடித்தது. கடையிலிருந்து அவர்தான்.

"ஏளா, கண்ணாடியக் குடுத்துட்டியா?"

"குடுத்தாச்சு. சுடலைமாடன் பாஸாயிட்டா."

அந்தப் பக்கம் கடைச் சத்தம் கேட்டது. "அண்ணாச்சி, அரைக் கிலோ கருப்பட்டி" என்று யாரோ கேட்டார்கள். பொறும்வே என்று அவரை நிறுத்திவைத்தார் அண்ணாச்சி.

"ஏளா," என்றார் போனில், "இன்னொருக்கா சொல்லு."

முத்துக்கனி ஜெமிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு சொன்னாள்.