ஒழுகாததுதான் குற்றம்

பரிசோதகர் நான்காவது முறையாக வெர்னியர் அளவுகோலை வைத்து சீலை அளந்தார். அக்காவுக்கு அதைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறியலாம் போலிருந்தது.

பட்டறையில் எல்லோரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அங்கே செய்கிற சாமான், ராணுவ லாரியின் தண்ணீர் பம்பில் ஒழுகாமல் அடைக்க உட்காரும் சீல். உள்ளங்கையில் அடங்கும் கறுப்பு வளையம். இதுவரை வெளிநாட்டிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. அக்காவின் தம்பி நாலு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு அதை இங்கேயே செய்துவிட்டான். ராணுவத்துக்கு வாங்கும் சாமான்களைச் சோதிக்கும் இந்த அலுவலகமோ அதை மூன்று முறை திருப்பி அனுப்பிவிட்டது. இன்று காலை தம்பி அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்:

"இந்தத் தடவையும் திருப்பி அனுப்பினா, நான் எனக்கு வந்திருக்கிற அந்த வெளிநாட்டு வேலைக்கே போயிடறேன்க்கா."

சொன்னால் செய்கிறவன். அவன் போனால் பட்டறையில் மிஞ்சுவது இரும்பும் எண்ணெய்ப் பிசுக்கும்தான்.

"அரை மில்லி தடிமன் ஜாஸ்தி. மாதிரியோட ஒத்துப் போகல," என்றார் பரிசோதகர்.

மாதிரி என்பது பீரோவில் பூட்டி வைத்திருக்கும் வெளிநாட்டு சீல். அதற்குத் தனிப் பெட்டி, அரக்கு முத்திரை, பதிவேடு. புது மாப்பிள்ளைக்குக்கூட அத்தனை உபசாரம் நடக்காது.

"சார், அந்த மாதிரி எங்கேருந்து வந்தது?"

"ஒரு லாரியிலேருந்து கழட்டினதும்மா. அதை அளந்துதான் அளவே எழுதினோம்."

"எத்தனை வருஷம் ஓடின லாரி?"

"எட்டு வருஷம் இருக்கும்."

அக்கா தலையில் கைவைத்துக்கொண்டாள். எட்டு வருஷம் தேய்ந்த சாமானைப் பார்த்து அளவு எழுதிவிட்டு, புதுசைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்!

மூலையில் இருந்த சோதனைப் பம்பில் முதலில் மாதிரியை மாட்டச் சொன்னாள். சுவிட்சைப் போட்டதும் தண்ணீர் பீய்ச்சியடித்து பரிசோதகரின் கால்சட்டை நனைந்தது. அடுத்து தம்பியின் சீலை மாட்டினார்கள். அரை மணி நேரம் ஓடியும் ஒரு சொட்டு வரவில்லை.

பரிசோதகர் முழங்காலைத் துடைத்தபடி குரலைத் தாழ்த்தினார். "தப்பா நினைக்காதீங்க. அரை மில்லி தேய்ச்சுக் கொண்டாங்க. நாளைக்கே பாஸ் பண்ணிடறேன்."

"தேய்ச்சா ஒழுகுமே சார்!"

"ஒழுகட்டுமே. அளவு சரியா இருக்குமில்ல?"

லஞ்சம் கேட்டிருந்தாலாவது நாலு வார்த்தை திட்டிவிட்டு வந்திருக்கலாம். நல்ல மனுஷன், அதுதான் கொடுமை.

"உள்நாட்டுச் சாமான் நல்லா இருந்தா சோதனை ஓட்டத்துக்கு சிபாரிசு பண்ணலாம்னு விதியில இருக்கே?"

"இருக்கு. ஆனா இதுவரைக்கும் யாரும் கையெழுத்துப் போட்டதில்ல. முதல் ஆளா நான் போட்டு, நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?"

"சரி, போட வேண்டாம். அதே விதியில அடுத்த வரியைப் படிங்க. உள்நாட்டுச் சாமானைத் தள்ளினா காரணத்தை விவரமா எழுதிக் கொடுக்கணும். மூணு தடவையும் வெறும் ரப்பர் ஸ்டாம்ப் குத்தி அனுப்பினீங்க, நானும் ஏமாளியாட்டம் வாங்கிட்டுப் போனேன். இன்னிக்கு உங்க கண்ணால பார்த்ததை எழுதுங்க சார். 'மாதிரி ஒழுகியது. இது ஒழுகவில்லை. ஆகவே இது தள்ளப்படுகிறது.' எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

பரிசோதகர் பேனாவைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். எந்தக் கையெழுத்து தன் தலைக்கு வினை வைக்கும் என்று யோசிப்பது முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. கடைசியில் வேறொரு காகிதத்தை உருவி எழுதினார்: பத்து லாரிகள், ஆறு மாதச் சோதனை ஓட்டம்.

படிக்கட்டில் நின்று தம்பிக்குப் போன் போட்டாள். சந்தோஷத்தைவிட ஆத்திரம்தான் அதிகமாக இருந்தது.

"சிபாரிசு பண்ணிட்டாருடா. பத்து லாரி."

தம்பி பயந்து பயந்து கேட்டான்:

"எந்த அளவுலக்கா?"

"உன் அளவுலதான்டா."

தம்பி விக்கி விக்கி அழ ஆரம்பித்தான்.