தாளம் போட்ட கை

ஆடைத் தொழிற்சாலையில் தீப்பிடித்தபோது, வெளியிலிருந்து பூட்டியிருந்த கதவுக்குப் பின்னால் தங்கை இறந்துபோனாள். ஏழு மாதமாக அக்காவும் தங்கை புருஷனும் தினமும் மாலையில் தொழிலாளர் அலுவலக வாசலில் அவள் படத்தோடு நின்று, நியாயம் கேட்டுக் கையெழுத்து வாங்கினார்கள்.

ஒருநாள் அங்கே போகும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. அக்கா ஓர் அரங்கில் ஒதுங்கினாள். உள்ளே வயலின் கச்சேரி. ஒரு பாட்டு கேட்கலாம் என்று உட்கார்ந்தவள் முடியும்வரை எழுந்திருக்கவில்லை. கைதட்டல் எழுந்தபோதுதான் தன் கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்ததைக் கவனித்தாள். ஒரு மணி நேரமாகத் தங்கையின் நினைப்பே இல்லை. உடம்பு கூசியது.

அலுவலக வாசலுக்கு ஓட்டமாக ஓடினாள். தங்கை புருஷன் அவள் படத்தைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு தொப்பலாக நனைந்து நின்றான்.

“உடம்பு கிடம்பு சரியில்லையோன்னு பயந்துட்டேன் அண்ணி.”

பொய் நாக்கு நுனிவரை வந்தது.

“கச்சேரி கேட்டுட்டு இருந்தேன் தம்பி. அவளையே மறந்துட்டேன்.”

அவன் படத்தை வெளியே எடுத்து, ஈரம் பட்டிருக்கிறதா என்று பார்த்தான்.

“நல்லா இருந்துச்சா?”

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

“நீங்க போய்த் தலையைத் துவட்டுங்க. நான் நிக்கிறேன்” என்று படத்தை வாங்கிக்கொண்டாள். அன்று நான்கு பேர் கையெழுத்திட்டார்கள். ஒருவர் முகத்தையும் அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.