ஷூஃபென் ஆன்ட்டியின் மூன்று நிமிடப் பேச்சு

பக்கத்து வீட்டு ஷூஃபென் ஆன்ட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கையில் ஒரு நோட்டும் டப்பா நிறைய வேகவைத்த வேர்க்கடலையுமாக என் வீட்டுக் கதவைத் தட்டினார்.

“மை டாட்டர் வெட்டிங். ஐ வாண்ட் ஸ்பீச். இங்கிலீஷ். யூ டீச்சர்!”

டீச்சர்தான். தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் எட்டு வருடம் கணக்கு எடுத்தவள். கணக்கு என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. என்னை யாராவது டீச்சர் என்று கூப்பிட்டே வெகுகாலம் ஆகியிருந்தது, அந்தச் சந்தோஷத்தை ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும்?

ஆன்ட்டி அமெரிக்காவுக்கு, இந்த மில்பிடாஸ் ஊருக்கு வந்து இருபது வருடம். ஒரு சீன உணவகத்தின் சமையலறையில் வேலை. அங்கே காய் நறுக்குவது முதல் சண்டை போடுவது வரை எல்லாமே சீன மொழியில் நடந்துவிடும். மிச்ச உலகத்துக்கு மகள் வென்டி. ஒன்பது வயதிலிருந்து பல் டாக்டர், பேங்க், லைசென்ஸ் ஆபீஸ் என்று எல்லா இடத்திலும் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று பேசியவள் அவள்தான். ஆன்ட்டி தன் ஃபோனிடம் சீனத்தில் ஏதோ சொல்லி என்னிடம் நீட்டினார். அது தமிழில் மாற்றிக் காட்டியது: “மகள் அந்த நாளில் வேலை செய்யக் கூடாது. மணப்பெண் உட்கார வேண்டும்.”

உடனே பாடம் ஆரம்பித்துவிட்டேன்.

மூன்றே நாளில் என் பவிஷு தெரிந்துபோனது. ஆன்ட்டியின் நோட்டில் லுக், சீ, வாட்ச் என்று மூன்று வார்த்தைகள் வரிசையாக நின்றன. சீனத்தில் மூன்றுக்கும் ஒரே சொல்லாம். “எங்க தமிழ்லயும் ஒண்ணுதான்!” என்று ஆங்கிலத்தில் பெருமையாகச் சொன்னேன். நாமும் படம் பார்க்கிறோம், பெண் பார்க்கிறோம், டாக்டரைப் பார்க்கிறோம், வேலையும் பார்க்கிறோம். சரி, வித்தியாசம் என்ன என்று ஆன்ட்டி பேனாவைத் திறந்தார். நான் நோட்டின் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். ஹியர், லிஸன் வந்தது. நமக்கு இரண்டுமே கேட்பதுதான், போதாததற்குக் கேள்வி கேட்பதும் அதுதான். ஸே, டெல், ஸ்பீக், டாக் என்று நாலு பேர் சேர்ந்து வந்தபோது நான் காபி போடப் போய்விட்டேன்.

என் மகள் மானஸா பன்னிரண்டு வருடமாக அமெரிக்க ஆங்கிலத்தில் ஊறியவள். அவளை இழுத்து வந்து, “நீயாவது சொல்லுடி, ‘சீ’க்கும் ‘லுக்’குக்கும் என்ன டிஃபரன்ஸ்?” என்றேன்.

“அம்மா, இட் ஜஸ்ட் சவுண்ட்ஸ் ரைட்” என்று சொல்லிவிட்டுப் பாதிக் கடலையோடு மாடிக்குப் போய்விட்டாள்.

அப்போதுதான் முடிவெடுத்தேன். விளக்கம் எல்லாம் வேண்டாம், மனப்பாடம். எங்கள் பள்ளிக்கூடத்தில் அரை வகுப்புக்கு ஆங்கிலமே வராது, ஆனாலும் பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்குவோம். நானே மூன்று நிமிடப் பேச்சை எழுதினேன். ஒவ்வொரு வரியையும் நான் சொல்ல, ஆன்ட்டி திருப்பிச் சொன்னார். எந்த வரியில் கையை நீட்ட வேண்டும், எங்கே குரலை ஏற்ற வேண்டும் என்பது வரை மூன்று வாரம் பயிற்சி. ஆன்ட்டி ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்தார். நான் ஆனந்தத்தில் அவரைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்று சுற்றினேன்.

என் கணவர் சேனாபதி மட்டும் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கி, “ஏன்டி, கல்யாணத்துல டோஸ்ட்னு நாலு வார்த்தை வாழ்த்திப் பேசச் சொன்னா, நீ எலொக்யூஷன் காம்பெடிஷனுக்கு ட்ரெயின் பண்ற மாதிரி இருக்கே?” என்றார்.

“பொறாமை” என்று சொல்லிவிட்டேன்.

கல்யாண விருந்து ஒரு சனிக்கிழமை மதியம், பெரிய சீன உணவக ஹாலில். மாப்பிள்ளை பிரையன் சாக்ரமென்டோ ஊர்ப் பையன், அவன் பக்கத்து ஆட்கள் மட்டும் நூறு பேர். சிவப்புப் பட்டில் ஆன்ட்டி மைக் முன்னால் போய் நின்றார். அட்டென்ஷன். கை இரண்டும் விறைப்பாக.

“ரெஸ்பெக்டெட் சீஃப் கெஸ்ட், ஹானரபிள் எல்டர்ஸ், அண்ட் மை டியர் ஃபிரெண்ட்ஸ்! அ வெரி குட் மார்னிங் டு ஒன் அண்ட் ஆல் கேதர்ட் ஹியர்!”

தாம்பரம் ராகம் அப்படியே. ஒரு இம்மி குறையவில்லை. வலது கை மேலே போய் ஹால் முழுவதையும் ஒரு அரைவட்டம் போட்டு வந்தது. பிரையனின் மாமா ஒருவர் தன்னையறியாமல் “குட் மார்னிங்!” என்று திருப்பிக் கத்தினார். ஹாலே சிரித்தது. மானஸா மேஜைத் துணிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சேனாபதி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் பார்க்கவே இல்லை என்று வைத்துக்கொண்டேன்.

இரண்டு பத்தி அருவியாகக் கொட்டியது. மூன்றாவது பத்தியின் வாசலில் நின்றுவிட்டது. ஆன்ட்டியின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. நான் எட்டாவது மேஜையிலிருந்து வாயசைத்துக் காட்டினேன், அவர் கண்ணில் படவில்லை. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

அதற்குள் வென்டி எழுந்துவிட்டாள். கவுனை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு மைக்கை நோக்கி விறுவிறுவென்று நடந்தாள். இருபது வருடப் பழக்கம், கால் தானாகப் போகிறது.

ஆன்ட்டி உள்ளங்கையை நீட்டினார்.

“சிட் டவுன். டுடே யூ நோ வொர்க்.”

வென்டி நின்றாள். அப்புறம் திரும்பிப் போய் உட்கார்ந்தாள்.

ஆன்ட்டி தன் சொந்த ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். பேங்க்கில் மேனேஜர் முகம் தெரிய வேண்டும் என்று ஒன்பது வயது வென்டி நாற்காலிமேல் ஏறி நின்றது. அம்மாவின் பல்லைப் பிடுங்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதை அம்மாவிடம் சொல்லாமல் அவள் அழுதது. டிரைவிங் டெஸ்ட்டில் அம்மா மூன்று தடவை தோற்றபோதெல்லாம், ஆபீஸர் திட்டியதை மறைத்து, அவர் சிரித்த முகமாகத்தான் சொன்னார் என்று பொய் சொன்னது. சீ வர வேண்டிய இடத்தில் லுக் வந்தது, டெல் இருக்க வேண்டிய இடத்தில் ஸ்பீக் வந்து உட்கார்ந்தது. யாருக்கும் ஒன்றும் புரியாமல் போகவில்லை. நான் எழுதிக்கொடுத்ததில் இதில் ஒரு வரிகூட இல்லை. வெட்கமாகவும் இருந்தது, விசிலடிக்க வேண்டும்போலவும் இருந்தது.

ஜனங்கள் கைதட்டினார்கள். அதுதான் வம்பாகிவிட்டது. சொன்னால் சிரிக்கிறார்கள், இன்னும் சொன்னால் இன்னும் சிரிக்கிறார்கள் என்று ஆன்ட்டி கண்டுபிடித்துவிட்டார். மூன்று நிமிடம் இருபது நிமிடமானது. சூப் ஆறியது. மீன் தட்டுகளோடு சர்வர்கள் சுவரோரம் வரிசையில் நின்றார்கள். ஆன்ட்டி, தான் வேலை பார்க்கும் உணவகத்து முதலாளியின் கஞ்சத்தனம் வரைக்கும் வந்திருந்தார்.

பிரையன் தயங்கித் தயங்கி எழுந்தான், மைக்கை மெதுவாக வாங்கிவிடலாம் என்று.

வென்டி அவன் கோட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். கண்மை கன்னமெல்லாம் வழிந்திருந்தது.

“லெட் ஹெர் டாக்” என்றாள்.