தவிட்டுக்குள் காப்பு

நெல் ஊறவைக்கும் நடுத்தொட்டியில் தண்ணீர் வடியவில்லை. ஹாஜறா உள்ளே இறங்கிக் குனிந்து, அடியிலிருந்த குழாய்க்குள் முழங்கை வரை கையை விட்டாள். அழுகிய நெல்லும் சாக்குத் துண்டும் வந்தன. மறுபடி விட்டபோது விரலில் வளையமாக ஏதோ தட்டுப்பட்டது.

பூ வெட்டிய பவுன் காப்பு.

இரண்டு மாதமாக அவளைக் கள்ளியாக்கி வைத்திருந்த காப்பு. மில் முதலாளி பளீலின் மனைவி ஸகியா, காய்ச்சலில் மெலிந்த கையைத் தொட்டிக்குள் விட்டு நெல் ஊறியதா என்று பார்க்கிறவள். கழன்று விழுந்தது அவளுக்கே தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அன்று தன் குசினியில் மீன் வெட்டியவள் ஹாஜறா என்பதுதான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். முதலாளி பொலிசுக்குப் போகவில்லை. பாவம் பார்த்து அவளைக் குசினியிலிருந்து தொட்டிக்கு அனுப்பினார். அவர் பாவம் பார்த்த கதை ஜும்மாவுக்கு வந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

மகள் றாஹிலாவுக்குப் பேசியிருந்த சவூதி மாப்பிள்ளையின் உம்மாவுக்கும் அது எட்டியது. நிச்சயத்தன்று றாஹிலாவுக்குப் போட்ட காப்பைக் கழற்ற அவளே வந்தாள். இறுகிக் கிடந்ததைச் சவுக்காரம் தேய்த்துக் கழற்றினாள். கள்ளியின் மகள் கையில் அவளுடைய காப்பு இருக்கக் கூடாதாம். றாஹிலா அழவில்லை. வந்தவள் போன பிறகும் நுரை காய்ந்த கையை நீட்டியபடியே இருந்தாள்.

பாண்டிருப்பிலிருந்து வேலைக்கு வரும் சுந்தரம்மா தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"என்ன ஹாஜறா கையில?"

ஹாஜறா விரித்துக் காட்டினாள்.

"கொண்டு போய்க் குடு புள்ள. ஒண்ட பேரு நல்லாகும்."

"எங்க நல்லாகிற? ஒளிச்சு வெச்சவள் பயந்து எடுத்துக் குடுத்தாள் எண்டுதான் கதைப்பாங்க."

"அப்ப வெச்சுக்கொள்ளப் போறியா?"

"வெச்சா நான் கள்ளிதானே."

ஹாஜறா மேலேறி, காய்ந்த நெல்லைப் பெட்டியில் அள்ளி, காப்பை அதற்குள் புதைத்தாள். சுந்தரம்மா பார்த்துக்கொண்டு நின்றாள், தடுக்கவில்லை. சூறாவளிக்குப் பிறகு முதலாளி புதிதாக வாங்கிப் போட்ட நெல் குத்தும் மெஷின் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஹாஜறா பெட்டியை அதன் வாயில் கவிழ்த்தாள்.

உள்ளே இரும்பு கத்தியது. பெல்ட் துள்ளிக் கழன்று சுவரில் அடித்தது. தகடு கிழிந்து, அரிசியும் தவிடும் ஒன்றாகக் கொட்டின. மில் நின்றது. இரண்டு மாதத்தில் முதல் தடவையாக ஹாஜறாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

முதலாளி ஓடி வந்தார். பின்னால் ஸகியா. தவிட்டுக்குள் மஞ்சளாகக் கிடந்த துண்டு ஒன்றை அவள் எடுத்தாள். அதில் பாதிப் பூ இருந்தது.

"எண்ட காப்பு. நெல்லுக்குள்ள எப்படி வந்த?"

"நாளும் நெல்லுக்குள்ள கைய விடுற நீங்கதானே ராத்தா," என்றாள் ஹாஜறா.

கூடிவிட்ட வேலைக்காரப் பெண்களில் ஒருத்தி முக்காட்டுக்குள் சிரித்தாள். ஸகியாவின் முகம் கறுத்தது. அந்த முகத்தை ஹாஜறா ஆசை தீரப் பார்த்தாள்.

"எண்ட மகள்ட காப்பக் கழட்டினவங்களுக்கும் இத ஒருக்காச் சொல்லி விடுங்க."

முதலாளி குறுக்கே விழுந்தார்.

"முடிஞ்ச கதை இப்ப என்னத்துக்கு? எல்லாரும் தவிட்டப் புடைங்க. ஒரு துண்டும் தவறக் கூடாது."

சாக்கு விரித்துச் சுளகுகளோடு உட்கார்ந்தார்கள். ஸகியாவும் தவிட்டுக்குள் உட்கார்ந்து புடைத்தாள். புதுத் தகடு கொழும்பிலிருந்து வர வேண்டும்.

"கூலியில்லாம ஒரு கிழமைக்கு நம்மட அடுப்பெரியாது புள்ள," என்றாள் சுந்தரம்மா மெல்ல.

"ஓம். அவங்கட மெஷினும் ஓடாதே."

பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொன்னபோது முதலாளி வாசல் படலையைச் சாத்தினார். பெண்கள் வரிசையில் நிற்க வேண்டும், முந்தானையை உதற வேண்டும், கையைக் காட்ட வேண்டும். முதல் ஆளாக ஹாஜறாவைக் கூப்பிட்டார்.

ஹாஜறா இரண்டு கைகளையும் நீட்டினாள். ஸகியா அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். வெடிப்புகளில் ஒட்டியிருந்த தவிட்டையும் விடாமல் தட்டித் தன் சுளகில் போட்டுக்கொண்டாள்.